கறை படிந்த கார் துண்டைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: மைவி காரைத் துடைக்கும் மைக்ரோஃபைபர் துண்டுகளில் பாலிஷும் தோட்டத்துச் செம்மண்ணும் ஏறிவிட்டன, எவ்வளவு துவைத்தாலும் பழுப்புதான். வீட்டுக்காரம்மா குப்பையில் போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அவசரப்படாதீர்கள். கறை இருப்பதால் மட்டும் துண்டு கெட்டுவிடாது. காய்ந்ததும் புறங்கையில் தடவிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் பிழைத்தது, மொரமொரவென்று இழுத்தாலோ மணல் நெருடினாலோ பெயிண்ட் பக்கமே கொண்டு போகாதீர்கள், கீறல் விழும்.

பாலிஷ் பிசுக்குக்கு வெதுவெதுப்பான நீரில் திரவ சோப்பு கலந்து ஊறவைத்து, அப்புறம் தனியாகத் துவையுங்கள், பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் அதன் பஞ்செல்லாம் இதில்தான் வந்து ஒட்டும். சாஃப்ட்னர், பிளீச் இரண்டும் வேண்டாம். கொதிநீரும் கூடாது, இது பாலியஸ்டர் கலந்த இழை, அதிகச் சூட்டில் முரடாகிவிடும்.

தேறாதவற்றை டயர் ரிம், கதவு இடுக்கு, மோட்டார் சைக்கிள் செயின் என்று இறக்கிவிடுங்கள். மூலையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் தப்பித் தவறி போனட்டுக்குப் போகாது. சமையலறைக்கு மட்டும் கொடுக்காதீர்கள், சூடான சட்டியைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். செயின் எண்ணெய் ஏறிய துண்டு? அதை மட்டும் வீட்டுக்காரம்மா சொன்னபடி செய்யுங்கள்.