பதில்: 50 கிலோ வெயிட், ரெண்டு கயிறு, டென்ஷன் ஏன் 28.9னு வருது?
ப்ரோ, ரெண்டு கயித்துல தொங்குற 50 கிலோ வெயிட்டுக்கு 2 × டென்ஷன் (கயித்தோட இழுவிசை) × காஸ் 30 = 50னு போட்டு 28.9 எடுத்திருக்கீங்க, அதுல ரெண்டு இடத்துல சறுக்கியிருக்கீங்க. 50 கிலோங்கிறது மாஸ் (நிறை), அத அப்படியே ஃபோர்ஸா (விசையா) போட்டுட்டீங்க, புவியீர்ப்பு முடுக்கம் 9.81ஆல பெருக்கி 490.5 நியூட்டன் ஆக்கிக்கோங்க. அடுத்து, கயித்தோட சாய்வு 30 டிகிரிய கிடைமட்டத்துல இருந்து குடுத்திருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்ப மேல இழுக்குற பங்கு சைன்தான், காஸ் இல்ல (செங்குத்துல இருந்து அளந்தாத்தான் காஸ், நானும் ஃபர்ஸ்ட் இயர்ல இதே கூத்துதான்). ரெண்டு கயிறும் ஒரே சாய்வுங்கிறதால பக்கவாட்டு இழுப்பு ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும், மிச்சம் 2 × டென்ஷன் × சைன் 30 = 490.5, சைன் 30 அரை, ஆக ஒவ்வொரு கயித்துலயும் 490.5 நியூட்டன்.

ரெண்டு கயிறு இருந்தும் முழு வெயிட்டான்னு குழம்பாதீங்க, சாய்வு 10 டிகிரி ஆனா ஒவ்வொண்ணுலயும் சுமார் 1412 நியூட்டன் வரும், துணிக்கொடிய விறைப்பா இழுத்துக் கட்டினா ஈரப் போர்வைக்கே அறுந்துடுது பாத்திருப்பீங்கல்ல, அதே கதைதான்.