வாசகர் கேள்வி பதில்: கற்பித்தலுக்கு ஒரு மாநாடு

கேள்வி: "திறம்படக் கற்பித்தலும் புதுமையான முறைகளும்" என்பது போன்ற தலைப்புகளில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் மாநாடுகளுக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் கலந்துகொண்டவற்றில் தொடக்க விழாவும் பொன்னாடையும்தான் நினைவில் நிற்கின்றன. வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல எதுவும் கிடைக்கவில்லை. வெளிநாடுகளிலும் இப்படித்தானா?
(உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி)

பதில்: வெளிநாடு என்பதாலேயே ஒரு மாநாடு சிறந்ததாகிவிடாது. ஆனாலும் உங்கள் கேள்விக்குப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு என்னும் சிற்றூரில் அமைந்த மயாமி பல்கலைக்கழகத்தில் 1981இல் தொடங்கிய "லில்லி மாநாடு" அது. (பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஊர் இங்கிலாந்தில் இல்லை. பல்கலைக்கழகமும் ஃபுளோரிடாவில் இல்லை. இது நிறுவப்பட்ட 1809இல் ஃபுளோரிடா ஸ்பெயின் நாட்டின் வசம் இருந்தது.) எலை லில்லி மருந்து நிறுவனத்தின் குடும்பத்தினர் 1937இல் ஏற்படுத்திய அறக்கட்டளையின் உதவியிலிருந்து இந்த மாநாட்டுக்கு அப்பெயர் வந்தது. இதை வளர்த்தெடுத்த மில்டன் காக்ஸ் கல்வியியல் துறையைச் சேர்ந்தவர் அல்லர், கணிதப் பேராசிரியர்.

இந்த மாநாட்டுக்கு முன்பே, 1979 முதல், அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் கற்றல் குழுக்கள் இயங்கிவந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த எட்டு முதல் பன்னிரண்டு ஆசிரியர்கள் ஒரு கல்வியாண்டு முழுவதும் அவ்வப்போது கூடுவார்கள். ஒவ்வொருவரும் தாம் நடத்தும் பாடங்களில் ஒன்றை எடுத்து, அதில் ஏதேனும் ஒன்றை மாற்றிப் பார்த்து, மாணவர் கற்றலில் அதனால் வேறுபாடு ஏற்பட்டதா என்று சோதித்து, குறைகளையும் மறைக்காமல் குழுவின் முன் வைப்பார்கள். அப்படி ஓராண்டு உழைத்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பிறர் முன் வைக்கவும் மாநாட்டு மேடை பயன்பட்டது. கல்லூரிக் கற்பித்தலுக்கென ஓர் ஆய்விதழையும் அதே பல்கலைக்கழகம் 1990 முதல் வெளியிட்டுவருகிறது. அங்கே ஆண்டு முழுவதும் நடந்த வேலையின் கடைசிப் பகுதி மாநாடு. நம்மிடையே பெரும்பாலும் மாநாடு மட்டுமே வேலை. நீங்கள் வெறுங்கையோடு திரும்பியதற்கு, பேச வந்தவர்களின் அறிவுக் குறைவைவிட, அவர்கள் சொல்வதற்கென்று ஒரு வகுப்பறைச் சோதனை கையில் இல்லாமல் போனதே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த அழைப்பு வரும்போது சிறப்பு விருந்தினர் பட்டியலை விட்டுவிட்டுக் கட்டுரைக்கான நெறிமுறைகளைப் படியுங்கள். எந்த வகுப்பில் எதை மாற்றினீர்கள், மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பதை எப்படி அறிந்தீர்கள் என்ற இரண்டையும் கேட்டிருந்தால் பதிவுக் கட்டணம் வீணாகாது. பக்க அளவும் எழுத்துருவும் மட்டுமே சொல்லப்பட்டிருந்தால், அந்த நாளில் உங்கள் துறையிலேயே நன்றாக நடத்துபவர் என்று மாணவர்கள் சொல்லும் ஒருவரின் வகுப்பில், அவர் அனுமதியோடு, கடைசி வரிசையில் போய் உட்காருவது அதிகப் பயன் தரும்.

கேள்வி: இத்தகைய மாநாட்டில் கட்டுரை வாசித்தால் பதவி உயர்வுக்குக் கணக்கிடும் மதிப்பெண் உண்டா?
(விரிவுரையாளர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளிலுள்ள ஆய்வு மதிப்பெண் அட்டவணைப்படி, வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டுக்கு 7, இந்தியாவில் நடக்கும் பன்னாட்டு மாநாட்டுக்கு 5, தேசிய மாநாட்டுக்கு 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவிலானதற்கு 2. புதுமையான கற்பித்தல் முறை ஒன்றை உருவாக்குவதற்கும் அதே அட்டவணை 5 மதிப்பெண்ணே தருகிறது. சில மாத உழைப்புக்கும் சில நிமிட வாசிப்புக்கும் ஒரே விலை என்றால், எது பெருகும் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் நிறுவனம் இப்போது எந்த விதியைப் பின்பற்றுகிறது என்பதை அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் இளநிலை இயற்பியல் படிக்கிறாள். ஆசிரியர் ஒருவர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டு, "பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடையைக் கண்டுபிடியுங்கள்" என்கிறாராம். புதுமை என்ற பெயரில் வேலையைத் தட்டிக்கழிப்பது ஆகாதா?
(மாணவியின் தந்தை, மதுரை)

பதில்: ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது, ஆனால் அந்த ஆசிரியர் தட்டிக்கழிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மேசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து கையாண்டுவரும் முறை இது. மாணவர்களால் பாராட்டப்பட்ட விரிவுரையாளரான அவர், விசை குறித்த அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வைத் தம் வகுப்பில் வைத்தார். கனமான லாரியும் சிறிய காரும் மோதும்போது எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள் அதில் இருந்தன. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. பள்ளியிலேயே மனப்பாடம் செய்தது. அப்போது ஒரு மாணவி, இவற்றுக்கு நீங்கள் சொல்லித்தந்தபடி எழுத வேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று அவரைக் கேட்டாள். கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்த பலரும் இந்த எளிய கேள்விகளில் தடுமாறினார்கள். அதன் பிறகே அவர் தம் முறையை மாற்றினார்.

இது ஒருவருடைய அனுபவத்தோடு நிற்கவில்லை. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினரும், மாணவர்களைச் செயல்பட வைத்த வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினரும் தோல்வியடைந்ததாகக் காட்டியது.

உங்கள் மகளும் இந்த முறையைக் குறைகூறுகிறாளா என்பதை நீங்கள் எழுதவில்லை. கூறினால் வியப்பில்லை. ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே பாடப்பொருளை ஒரு பிரிவினர் தெளிவான விரிவுரையாகக் கேட்டார்கள். மறு பிரிவினர் குழுவாக முயன்று கற்றார்கள். தேர்வில் அதிகம் பெற்றவர்கள் இரண்டாம் பிரிவினர். ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்தவர்கள் முதல் பிரிவினர். சரளமான பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுவதும், தானே முயலும்போது ஏற்படும் திணறல் ஒன்றும் புரியவில்லை என்ற எண்ணத்தைத் தருவதும்தான் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. இதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்கு விளக்கிவிடுவது நல்லது என்றும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உங்கள் மகளின் ஆசிரியர் அதைச் செய்யத் தவறியிருந்தால், அந்த அளவுக்கு அவர்மீது குறை சொல்லலாம். மாணவர்களைப் பேசவிட்டபின் அவரே விடையை விளக்காமல் அடுத்த பாடத்துக்குப் போகிறார் என்றால், அது வேறு செய்தி. அப்போது நீங்கள் கோபப்படுவது சரியே.

கேள்வி: என் வேதியியல் வகுப்பில் எழுபது பேர். பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்துவந்த முதல் தலைமுறை மாணவர்கள். மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடையைத் தெரிவிக்கும் வாக்களிக்கும் கருவிகள் கிடையாது. செமஸ்டர் தேர்வுக்குள் போர்ஷனையும் முடிக்க வேண்டும். மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிட்டுக் கற்பிப்பது பற்றி மாநாட்டில் கேட்டவை எனக்கு எப்படிப் பொருந்தும்?
(உதவிப் பேராசிரியர், விழுப்புரம்)

பதில்: கருவியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒவ்வொருவரிடமும் ஏ, பி, சி, டி என்று எழுதிய நான்கு அட்டைகள் இருந்தால் போதும்; அட்டைக்குப் பதில் கருவியைப் பயன்படுத்தியதால் கற்றல் கூடிவிடவில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். ஓரிரு நிமிடம் பேசாமல் யோசிக்கச் சொல்லி, எல்லோரையும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவிட்டு மீண்டும் கேளுங்கள். 30க்குக் கீழே போனால் பேச்சால் பயனில்லை, நீங்களே மறுபடி விளக்க வேண்டும். 70க்கு மேல் இருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். அவர்கள் தமிழில் பேசிக்கொள்ளட்டும். ஆங்கிலக் கலைச்சொற்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

போர்ஷன் உண்மையான சிக்கல்தான். ஒரு வகுப்புக்கு ஒரு கேள்விக்கு மேல் முதலில் முயல வேண்டாம்; வரையறைகளையும் அட்டவணைகளையும் வகுப்பில் எழுதிப்போடும் நேரத்தை மிச்சப்படுத்தி, முன்னாளே அரைப்பக்கக் குறிப்பாகக் கொடுத்துவிடுங்கள். நல்ல கேள்வி அமைவதே கடினம். தவறான விடைகளை நாமாகக் கற்பனை செய்வதைவிட, பழைய விடைத்தாள்களிலிருந்து எடுப்பது மேல். தொடங்குவதற்கு ஒன்று தருகிறேன்: நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் எழும் பெரிய குமிழிகளுக்குள் இருப்பது காற்றா, நீராவியா, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா, வெப்பமா? நீராவி என்பதே விடை. ஆனால் நீரின் வாய்பாட்டைத் தவறின்றி எழுதுபவர்களிலும் சிலர் மூன்றாவது அட்டையைத் தூக்குவார்கள். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகள் உடைவதில்லை என்பதை அவர்களுக்கு அன்றைக்கே விளக்கிவிடலாம்.