காதலர் தினம் யார் கொடுத்தது?

அன்புள்ள ஐயா,
எங்கள் கல்லூரி விழாவில் பேசிய ஒருவர், போர்வீரர்களின் திருமணத்தை ரோமப் பேரரசன் இரண்டாம் கிளாடியஸ் தடைசெய்தான் என்றும், ரகசியமாக மணம் செய்துவைத்த பாதிரியார் வாலண்டைன் கொல்லப்பட்ட நாளே காதலர் தினம் என்றும் சொன்னார். இன்னொருவர் லூப்பர்காலியா என்ற பழைய ரோமத் திருவிழாதான் இப்படி மாறியது என்றார். எது உண்மை?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. வாலண்டைன் என்ற பெயரில் ரோமைச் சேர்ந்த ஒருவரும் இத்தாலியின் தெர்னி நகரைச் சேர்ந்த ஒருவரும் மூன்றாம் நூற்றாண்டில் கொல்லப்பட்டதாக மரபு சொல்கிறது. அவர்களைப் பற்றிய பழைய கதைகளில் நோய் தீர்த்த அற்புதங்கள் உண்டு, ரகசியக் கல்யாணம் கிடையாது. லூப்பர்காலியா பிப்ரவரி 15இல் நடந்தது. பலியிட்ட ஆட்டின் தோல்வாரால் எதிர்ப்படும் பெண்களை அடித்தபடி இளைஞர்கள் ஓடுவார்கள். அடிபட்டால் பிள்ளைப்பேறு கிட்டும் என்பது நம்பிக்கை. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் போப் முதலாம் கெலாசியுஸ் அதைக் கண்டித்தார். அந்த இடத்தில் காதல் விழாவை வைத்தார் என்பது பின்வந்தவர்களின் ஊகம்.

இந்த நாளோடு காதலைச் சேர்த்தவர்கள் கவிஞர்கள். ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1380களை ஒட்டி எழுதிய 'பறவைகளின் மன்றம்' என்ற கவிதை நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அதில் புனித வாலண்டைன் நாளில் பறவைகள் இயற்கை அன்னையின் முன் கூடித் துணை தேடுகின்றன. ஒரு பெண் கழுகுக்காக மூன்று ஆண் கழுகுகள் வாதாடுகின்றன. மற்ற பறவைகள் பொறுமையிழந்து கூச்சலிடுகின்றன. பெண் கழுகோ யோசிக்க ஓராண்டு அவகாசம் கேட்கிறது. இயற்கை அன்னையும் தருகிறாள். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் விருப்பத்துக்காக இத்தனை பேரைக் காத்திருக்க வைத்த அந்தக் கவிஞரை நான் வணங்குகிறேன்.

அந்தக் கற்பனை விரைவிலேயே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 1477இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் மார்ஜரி புரூஸ் என்ற பெண்ணுக்கும் ஜான் பாஸ்டனுக்கும் கல்யாணப் பேச்சு நடந்தது, வரதட்சணையில் இழுபறி. வெள்ளிக்கிழமை வாலண்டைன் நாள், பறவைகள் எல்லாம் துணை தேடும் நாள், வந்து பேசி முடியுங்கள் என்று பெண்ணின் தாய் மாப்பிள்ளைக்கு எழுதினார். மார்ஜரியும் அவரைத் தன் வாலண்டைன் என்றே அழைத்துக் கடிதம் அனுப்பினாள். அப்பா இதற்கு மேல் தரமாட்டார். உங்களிடம் இப்போதிருக்கும் சொத்தில் பாதிகூட இல்லாவிட்டாலும் நான் உங்களைக் கைவிட மாட்டேன். நீங்களும் என்னைக் கைவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே திருமணம் நடந்தது. கடிதம் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு மேடையில் நீங்களே பேசுங்கள். மார்ஜரியின் கடிதத்திலிருந்து தொடங்கலாம்.