உணர்ச்சிக்குறி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். கணினிக் கையேடுகளும் என் மேசைக்கு வருவதால் மொழி, கணினி என இரு தரப்புக் கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆச்சரியக்குறியா, உணர்ச்சிக்குறியா? எது சரி ஐயா?

இரண்டும் வழக்கில் உள்ளவைதான். எனக்கு உணர்ச்சிக்குறி என்பதே பிடிக்கும். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் வியப்பு, அதாவது மருட்கை, ஒன்றுதான். அழுகைக்கும் அச்சத்துக்கும் வெகுளிக்கும் இதே குறியைத்தானே போடுகிறோம்?

கேள்வி: இந்தக் குறி இல்லாமல் பழைய தமிழ் எப்படிச் சமாளித்தது?

சொல்லாலேயே. ஓலைச்சுவடியில் இந்தக் குறி கிடையாது. அச்சு வந்தபின் ஐரோப்பியரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். "கை சுட்டுவிட்டதே" என்றால் அந்த ஏகாரமே பதைப்பைச் சொல்லிவிடும். அதன் பின்னால் மூன்று குறி போடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒன்றே போதும்.

ஆனால் குறி இல்லாமல் முடியாத இடமும் உண்டு. "எத்தனை பேர் வந்திருந்தார்கள்?" என்றால் கணக்குக் கேட்கிறோம். "எத்தனை பேர் வந்திருந்தார்கள்!" என்றால் கூட்டத்தைக் கண்டு மலைக்கிறோம். சொல் ஒன்றுகூட மாறவில்லை. இங்கே குறியை விடுவது பிழை. எத்தனை, எவ்வளவு, என்ன என்று தொடங்கும் வரிகளை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

கேள்வி: அண்ணா, டெர்மினலில் இரட்டை மேற்கோளுக்குள் பாஸ்வேர்டு கொடுத்தால் பிழை வருகிறது. அதில் ! இருக்கிறது.

அதுதான் காரணம் தம்பி. டெர்மினலில் நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான பாஷ் (Bash) அந்தக் குறியைப் பார்த்ததும் பழைய கட்டளை ஒன்றைத் தேடப் போய்விடும். !! என்று மட்டும் அடித்தால் கடைசிக் கட்டளை மறுபடி ஓடுவதும் இதனால்தான். இரட்டை மேற்கோள் அதைத் தடுக்காது. ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: சி என்ற நிரல் மொழியில் ! என்றால்?

"இல்லை". != என்றால் "சமமில்லை". பைத்தான் என்ற இன்னொரு நிரல் மொழியில் மறுப்புக்கு 'நாட்' (not) என்று எழுதுகிறோம்; != அங்கும் உண்டு.

கேள்வி: கணக்கு ஆசிரியை நான். வினாத்தாளில் கவனிக்க வேண்டியது என்ன?

எண்ணில் முடியும் வாக்கியத்துக்கு உணர்ச்சிக்குறி வைக்காதீர்கள் அம்மா. 1808இல் கிறிஸ்டியன் கிராம்ப் காரணீயத்துக்கு, அதாவது 5 × 4 × 3 × 2 × 1 போன்ற பெருக்கத்துக்கு, இதே குறியைக் கொடுத்துவிட்டார். "விடை 5!" என்று மகிழ்ச்சியோடு எழுதினால் பிள்ளை 120 என்று படிக்கும், அது பிள்ளையின் தவறல்ல.

கேள்வி: குறிக்கு முன் இடம் விடலாமா?

பிரெஞ்சில் விடுவார்கள். தமிழில் வேண்டாம். விட்டால் வரி மடங்கும்போது குறி மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடும்.