செக் கிளியரிங் யூனிட்ட கொழும்புக்கு மாத்துறாங்க, நிப்பாட்ட ஏலுமா?

ஹட்டன்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. தனியார் பேங்க் ஒன்னோட பிராந்திய செக் கிளியரிங் யூனிட்ல (மத்த பேங்க் செக்குகள அனுப்பி காசாக்குற பிரிவு) 11 வருஷமா வேல, மொத்தம் 18 பேர். அடுத்த மாசம் 1ஆம் திகதியிலருந்து யூனிட்ட கொழும்பு தலைமை ஒபிஸுக்கு கொண்டுபோறோம்னு மேனேஜர் வாயால சொல்லிட்டு ஒரு ஃபோர்மையும் குடுத்திருக்கார், வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வச்சுத் தரணுமாம், இல்லாட்டி ரிசைன் பண்ணினதா எடுப்பாங்களாம். மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான், டிக்கோயால அம்மா நடக்க ஏலாம இருக்காங்க. கோர்ட்டுக்குப் போய் யூனிட்ட இங்கயே வைக்க ஏலுமான்னு கேக்குறாங்க.

தங்கச்சி, மொதல்ல அந்த ஃபோர்ம்ல கையெழுத்து வைக்காதீங்க. நீங்க அனுப்பின ஃபோட்டோவ பெருசாக்கிப் பாத்தேன், மூணாவது வரியில "என் சொந்த விருப்பத்துல"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல போட்டிருக்கு, அதுக்குக் கீழ கையெழுத்து விழுந்திட்டா பிறகு எந்த இடத்துல போய் நின்னாலும் பேங்க் லோயர் அந்த வரியத்தான் காட்டுவார். கையெழுத்து வைக்காதத ராஜினாமான்னு சொல்ல ஏலாது, ராஜினாமா நீங்களா குடுத்தா தான் ராஜினாமா.

இப்ப கேள்விக்கு வாறேன். ஒரு ஒபிஸ எங்க வைக்கிறதுங்கிறது முதலாளியோட முடிவு, தனியார் பேங்க் அப்பிடி மாத்துறத கோர்ட் லேசுல தடுக்காது. அரச பேங்கா இருந்தா ஒரு மாசத்துக்குள்ள அடிப்படை உரிமை மனு பத்தி யோசிக்கலாம், உங்களுக்கு அந்த வழி இல்ல. உங்க அப்பாயின்மென்ட் லெட்டர்லயும் நாட்டுல எந்தக் கிளைக்கும் மாத்தலாம்னு இருக்கு, ஆனா அந்த உரிமைய நேர்மையா பாவிக்கணும், ஆள வெளிய தள்ளுறதுக்காக இடமாற்றத்த ஒரு சாட்டா எடுத்தா அத எதிர்த்து கேக்கலாம்.

நீங்க பலமா பேசக்கூடிய விசயம் உங்க மேசையிலயே இருக்கு. 2006ல இருந்து நம்ம நாட்டுல செக் தாள் கொழும்புக்கு போறதில்ல, ஸ்கேன் பண்ணின படமும் செக்கோட அடியில இருக்கிற அந்த காந்த மை நம்பரும் தான் பேங்குகளுக்கு நடுவுல செக்க தீர்க்கிற லங்காபே கம்பெனிக்கு (முன்ன லங்கா கிளியர்) போகுது. முன்னெல்லாம் மூட்டை கட்டி அனுப்பி நாள்கணக்கா காத்திருந்தாங்க, கினிகத்தேனை ரோட்டுல மண் சரிஞ்சா அதுவும் நின்னுரும். படம் வயர்ல போகுதுன்னா ஸ்கேனர் ஹட்டன் கிளையில இருந்தா என்ன கொழும்புல இருந்தா என்ன, யூனிட்ட மூடினாலும் 18 பேரையும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கிளைகள்ல போட ஏலுமேன்னு கேளுங்க. "யூனிட்ட மூடாதீங்க"ன்னு கேக்குறதவிட "எங்கள இங்கயே வைங்க"ன்னு கேக்குறது தான் கெடைக்கக்கூடியது.

அத 18 பேரும் சேர்ந்து ஒரே கடிதமா எழுதுங்க, இடமாற்ற உத்தரவ எழுத்துல தாங்கன்னும் அதுலயே கேளுங்க. தொழிற்சங்கம் இருந்தா கூட்டு ஒப்பந்தத்துல இடமாற்றத்துக்கு எவ்வளவு நாள் நோட்டீஸ் குடுக்கணும்னு இருக்கான்னு பாக்க சொல்லுங்க, இருந்தா அது பெரிய ஆயுதம். கடிதத்தோட ஒரு கொப்பிய தொழில் அலுவலகத்துல குடுத்து, கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்குக் கீழ ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு பேச சொல்லுங்க. 1ஆம் திகதிக்கு முன்ன இத செய்யணும், போன பிறகு செஞ்சா பாதி பலம் தான்.

இதுல நிறைய பேர் விழுற குழி ஒன்னு இருக்கு. எழுத்துல உத்தரவு வந்தப்பிறகு கோவத்துல வேலைக்கு போகாம வீட்டுல இருந்திடாதீங்க. வேலைய கைவிட்டதா சொல்லி பேரையே வெட்டிருவாங்க, அப்பிடி நல்ல கேஸ் எத்தனையோ பாழாப்போனத பாத்திருக்கேன். "எதிர்ப்போட தான் போறேன், என் உரிமைய விட்டுக்குடுக்கல"ன்னு எழுதிக் குடுத்துட்டு போய் ஆஜராகுங்க. அம்மாவையும் பிள்ளையையும் விட்டுட்டு போறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு விளங்குது, ஆனாலும் போங்க.

ஆக்கள நிப்பாட்டுறாங்கன்னா அது வேற கதை. 1971ஆம் வருஷ 45ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேருக்கு குறையாம வேல செய்ற இடத்துல, ஒழுக்காற்று காரணம் இல்லாம, உங்க எழுத்து மூல சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தோட அனுமதியோ இல்லாம வேலநீக்கம் செய்ய ஏலாது. அப்ப அவங்க ஏன் அந்த ஃபோர்ம்ல "சொந்த விருப்பம்"னு போட்டாங்கன்னு விளங்குதா? நீங்களா விலகினா கெடைக்கிறது கிராஜுவிட்டி, வருஷத்துக்கு அரை மாசம்னா அஞ்சரை மாசச் சம்பளம், அவ்வளவு தான். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசு எப்பிடியும் உங்களோடது, அத பொம்பளைங்க வழக்கமா 50 வயசுல தான் எடுக்க ஏலும். நட்டஈடு பத்தி பேச்சே வராது. அப்பிடியும் வெளிய போட்டாங்கன்னா தொழில் நியாய சபைக்கு 6 மாசத்துக்குள்ள போகணும், அந்த நாளத் தவற விட்டுராதீங்க.

கடிதத்த வியாழக்கிழமையே பதிவுத்தபால்ல போடுங்க, ரசீத அப்பாயின்மென்ட் லெட்டரோட சேர்த்து பின் பண்ணி வீட்டுல வைங்க, ஒபிஸ் லாச்சியில வேணாம்.