நிழல் தோட்டம்: ஹெல்லிபோர் கேள்வி – பதில்

கேள்வி: மரத்தடி நிழலில் ஹெல்லிபோர் என்ற பூச்செடியை வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இலை செழித்து வருகிறது, பூ மட்டும் வரவில்லை. என்ன குறை?

பதில்: செடியின் அடியை விரலால் மெல்லக் கிளறிப் பாருங்கள். வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். ஆழமாக நட்டால் பூ குறையும். ஈரம் தேங்கும் மண்ணாக இருந்தால் கழுத்தே அழுகிவிடும். மேல்மண்ணை விலக்கி, குருத்துகள் மண்மட்டத்தில் தெரியும்படி விடுங்கள். மண்மேல் சருகு போன்ற மூடாக்கு போடும்போதும் கழுத்தைச் சுற்றி நாலு விரல் இடம் விட வேண்டும்.

ஆழம் சரியாக இருந்தால் மரத்தைக் கவனியுங்கள். குளிர்காலத்தில் இலையுதிர்த்து வெளிச்சம் விடும் மரத்தடிதான் இதற்கு ஏற்றது. ஆண்டு முழுவதும் இருண்டு கிடக்கும் இடத்தில் பூ அரிதாகவே வரும். நீங்கள் வைத்தது சிறு நாற்று என்றால், விதையிலிருந்து பூக்கவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும், பொறுத்திருங்கள்.

கேள்வி: இலைகளில் கறுப்புத் திட்டுகள் வருகின்றன. செடியைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: கறுப்பு எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்காமல் பிடுங்காதீர்கள். இரண்டு நோய்கள் உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

வட்டமான பழுப்பு அல்லது கறுப்புத் திட்டுகள் தோன்றி, பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்தால் அது இலைப்புள்ளி நோய். பூஞ்சையால் வருவது. மழைத்துளி தெறிக்கும்போது பழைய இலையிலிருந்து புதுக் குருத்துக்குத் தாவும். தண்டைத் தாக்கினால் மொட்டோடு சாய்ந்துவிடும். பாதித்த இலைகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். மக்கு உரக் குழியில் போட வேண்டாம். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேர்ப்பக்கம் விடுங்கள்.

இதற்கு முன்னெச்சரிக்கையாக, கலப்பின வகைகளில் பூமொட்டுகள் மண்ணையொட்டி இருக்கும் நடுக்குளிர்காலத்திலேயே பழைய இலைகள் எல்லாவற்றையும் தரையோடு நறுக்கிவிடலாம். தாமதித்தால் பூந்தண்டுகள் இலைக்காம்புகளுக்கிடையே நீண்டுவிடும், கத்தரி எதை வெட்டுகிறது என்றே தெரியாது. ஆனால் ஃபெட்டிடஸ், ஆர்குடிஃபோலியஸ் போன்ற தண்டு வகைகளில் இப்படிச் செய்யவே கூடாது. அவற்றில் நிற்கும் தண்டின் நுனியில்தான் பூ வரும். பூத்து முடிந்த பிறகே அந்தத் தண்டை அடியில் வெட்ட வேண்டும்.

இரண்டாவது, ‘கறுப்புச் சாவு’ என்று தோட்டக்காரர்கள் அஞ்சும் நோய். இதில் வட்டம் இருக்காது. நரம்புகளை ஒட்டிக் கறுப்புக் கோடுகள் ஓடும், தளிர் சுருண்டு குட்டையாகும், காம்பிலும் பூவிலும்கூடக் கறுப்புக் கீற்று விழும். இது வைரஸோடு தொடர்புடையது, மருந்து கிடையாது. அசுவினிப் பூச்சிகள் பரப்புவதாகக் கருதப்படுவதால் அவற்றைக் கட்டுப்படுத்துங்கள். இப்படிப்பட்ட செடியைத்தான் தயங்காமல் வேரோடு எடுத்து அழிக்க வேண்டும்.

வெட்டும்போது கையுறை அணியுங்கள். செடி முழுவதும் நச்சு, சாறு பட்டால் தோல் எரியும்.

கேள்வி: பாக்கெட் விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: காய்ந்த விதை உறங்கிவிடும். கோடைத் தொடக்கத்தில் காய் வெடித்ததும் விதையைச் சேகரித்து உடனே விதையுங்கள். ஈரத்தோடு சில மாத வெப்பம், பிறகு நீண்ட குளிர் என்ற வரிசை கிடைத்தால்தான் முளைக்கும். அதனால் விதைத் தட்டை வெளியிலேயே, மண் காயாமல் வைக்க வேண்டும். முளைக்காத தட்டையும் எறியாதீர்கள், மறு ஆண்டு வரக்கூடும். கலப்பின விதையில் தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது. அதே நிறம் வேண்டுமானால் இலையுதிர் காலத் தொடக்கத்தில் தூரைப் பிரித்து, துண்டுக்கு இரண்டு மூன்று குருத்தாவது இருக்கும்படி நடுங்கள்.

கேள்வி: ஜாடியில் வைத்த பூ உடனே துவண்டுவிடுகிறதே?

பதில்: புதிதாக விரிந்த பூவைப் பறித்திருப்பீர்கள். மகரந்தத் தாள்கள் உதிர்ந்து, நடுவில் காய் திரளத் தொடங்கிய பூவை எடுங்கள். நாம் இதழ் என்று பார்ப்பது உண்மையில் புல்லி, அதாவது பூவின் வெளிப்புற உறை. காய் திரளும் நேரத்துக்குள் அது தடித்து உறுதியாகியிருக்கும். இளம்பூதான் வேண்டுமென்றால் காம்பில்லாமல் கிள்ளி, அகலமான கிண்ணத்து நீரில் மிதக்கவிடுங்கள். குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைப்பது அவசியம்.