வாசகர் கேள்வி - பதில்: 2 கிலோமீட்டர் ஃபைபரில் நுண்ணலைத் துடிப்பு

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் ஒளிமின் அலையியற்றி (ஒளியும் மின்சாரமும் மாறி மாறி ஓடும் வளையத்தில் நுண்ணலையை உண்டாக்கும் கருவி) ஒன்று கட்டியிருக்கிறோம். 2 கி.மீ. ஃபைபர், 10 கிகாஹெர்ட்ஸ், ஒற்றை அலை சுத்தமாக வருகிறது. இதையே மோடு-லாக் செய்து (வளையத்தின் பல அலைவரிசைகளை ஒன்றாகப் பூட்டி) துடிப்புகளாக எடுக்க என்ன சேர்க்க வேண்டும்?
- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வளையத்தின் ஆதாயத்தை (ஒரு சுற்றில் அலை பெருகும் அளவை) தாளம் தவறாமல் ஏற்றி இறக்க ஒரு வழி செய்தால் போதும். மற்றதெல்லாம் ஆய்வாளர்கள் யாவோவும் மலெக்கியும் 1996-இல் விவரித்த அதே வளையம்தான்: லேசர், ஒளியில் அலையை ஏற்றும் மாடுலேட்டர், நீண்ட ஃபைபர், ஒளியை மின்னோட்டமாக்கும் போட்டோடயோடு, ஆம்ப்ளிஃபயர், வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர், அங்கிருந்து மறுபடி மாடுலேட்டர்.

2 கி.மீ. ஃபைபரைக் கடக்க ஒளிக்குச் சுமார் 9.8 மைக்ரோ விநாடி ஆகும். ஆகவே வளையத்தின் மோடுகள் (வளையத்தில் நிலைத்து ஓடக்கூடிய அலைவரிசைகள்) ஏறக்குறைய 102 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். ஃபில்டரின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்றால் உள்ளே 200 மோடுகள் வரை இடமுண்டு. சாதாரணமாக வலுத்த மோடு ஒன்று ஆதாயத்தை எல்லாம் விழுங்கிவிடும், மற்றவை அடங்கிவிடும். ஆதாயத்தை அதே 102 கிலோஹெர்ட்ஸில் ஆட்டினால், ஒவ்வொரு மோடுக்கும் இருபுறமும் பிறக்கும் பக்க அலை அடுத்த மோடின்மேல் போய் விழும். எல்லாம் ஒரே கட்டத்தில் (phase) இணையும். 9.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை 10 கிகாஹெர்ட்ஸ் அலைக்கொத்து ஒன்று கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் ஃபில்டரை வைத்துக்கொண்டு சுமார் 50 நானோ விநாடிக்குக் கீழே துடிப்பை எதிர்பார்க்காதீர்கள். நடைமுறையில் அதைவிட அகலமாகவே வரும்.

செலவில்லாத வழி, மாடுலேட்டரின் பயாஸ் முனையில் (அது வேலை செய்யும் புள்ளியை நிர்ணயிக்கும் வோல்டேஜைக் கொடுக்கும் முனை) டிசியோடு சேர்த்து ஃபங்ஷன் ஜெனரேட்டரின் சைன் அலையைக் கொடுப்பது. பலர் வழுக்குவது இங்கேதான். பயாஸ் நடுப்புள்ளியில் இருக்கும்போது மாடுலேட்டர் வளைவின் சரிவு உச்சத்தில் இருக்கும்; எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஆதாயம் குறையும். அதனால் ஒரு சுழற்சியில் ஆதாயம் இரண்டு முறை இறங்கி ஏறும். 102 கொடுத்தால் ஆதாயம் 204-இல் ஆடும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகள், அவற்றுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜெனரேட்டரில் 51 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். பயாஸைச் சற்று விலக்கி வைத்து 102 கொடுப்பதும் உண்டு. ஆனால் ஆதாயமும் குறையும், பயாஸ் மிதக்கும்போது ஆட்டத்தின் ஆழமும் மாறும். நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

இந்த எண்ணைக் கணக்குப் போட்டு வைக்காமல் அளந்து வையுங்கள். 10 மீட்டர் பிக்டெய்ல் (கருவிகளில் ஒட்டியிருக்கும் ஃபைபர் வால்) கூடினாலே அரை கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். ஜெனரேட்டரை அணைத்து, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஸ்பான் 3 மெகாஹெர்ட்ஸ், ரெசல்யூஷன் 1 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் முதன்மை அலைக்கு இருபுறமும் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். பத்தாவது மேட்டின் தூரத்தைப் பத்தால் வகுத்தால் மோடு இடைவெளி. அதில் பாதியை ஜெனரேட்டரில் வைத்து, துடிப்பு மிக ஒடுங்கும் வரை ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்த்துங்கள்.

ஆதாயக் கணக்கு: 20 மில்லிவாட் லேசரில் போட்டோடயோடுக்கு 3 மில்லிவாட் வந்து சேரும், மின்னோட்டம் சுமார் 2.5 மில்லியாம்பியர். மாடுலேட்டரின் அரை-அலை வோல்டேஜ் (ஒளியை முழுதாகத் திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்குக் கொண்டுபோகும் வோல்டேஜ்) 5 வோல்ட் என்றால், 50 ஓமில் இழப்பு 22 டெசிபெல். டயோடுக்குள்ளேயே 50 ஓம் இருந்தால் இன்னும் 6. ஃபில்டர், கப்ளருக்கு ஒரு 6. ஆக 34. 40 டெசிபெல் ஆம்ப்ளிஃபயரும், அலையைத் தணிக்கும் ஓர் அட்டென்யுவேட்டரும் இருந்தால் சரியாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரைச் சராசரித் திறனைப் பார்த்து வாங்காதீர்கள், துடிப்பின் உச்சத்துக்குத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் துடிப்பின் தலை மழுங்கிவிடும்.

கேள்வி: அனலைசரில் சீப்புப் பற்கள் போல வரிசையாக அலைகள் தெரிகின்றன, ஆனால் மதியத்துக்கு மேல் துடிப்பு கலைந்துவிடுகிறது.
- ஒரு வாசகர், சித்தூர் (பாலக்காடு)

பதில்: பல் வரிசை தெரிவதால் மட்டும் லாக் ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது, அனலைசர் கட்டத்தைக் காட்டாது. டிடெக்டர் டயோடு ஒன்றை வைத்து, 200 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பில் துடிப்பின் உறையைப் பாருங்கள்.

கலைவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில். சாதாரண ஃபைபரின் தாமதம் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 7 பங்கு கூடும். மோடு இடைவெளியில் அது வெறும் 0.7 ஹெர்ட்ஸ், 10 கிகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் மோடோ 70 கிலோஹெர்ட்ஸ் நகரும். பங்குனி வெயிலில் அறை 8 டிகிரி ஏறினால் ஜெனரேட்டரின் தாளம் வளையத்தோடு ஒட்டாது. ஐஸ் மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுவி, ஃபைபர் சுருளை அதற்குள் வைத்து மூடுங்கள். திடீர் மாற்றம் அடங்கும். மெல்ல ஏறும் சூட்டுக்குப் பெட்டிக்குள் ஹீட்டரும், சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரும் வேண்டும். லித்தியம் நையோபேட் மாடுலேட்டரின் பயாஸும் சூட்டில் நகரும், அதையும் பாருங்கள். பச்சை ஃபைபர் கனெக்டரை (முனை சாய்வானது) நீலத்தோடு (முனை நேரானது) மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

கேள்வி: 10 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு வசதியில்லை. குறைந்த செலவில் செய்து பார்க்க முடியுமா?
- ஒரு மாணவர், நகரி

பதில்: முடியும். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குங்கள். பழைய கேபிள் டிவி ஃபைபர் டிரான்ஸ்மிட்டரின் லேசரை நேரடியாகவே மாடுலேட் செய்யலாம். ரிசீவரின் போட்டோடயோடும் போதும். பயாஸ் முனை கிடையாது என்பதால், PIN டயோடு அட்டென்யுவேட்டரை மோடு இடைவெளியிலேயே ஆட்டுங்கள்; பாதி கூடாது. ஃபில்டராக ஒரு சா (SAW) ஃபில்டர். பார்ப்பதற்கு ஆர்டிஎல் டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) ஒன்று. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஃபைபர் முனைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: இந்தத் துடிப்பை நேராக ராடாருக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், சூளூர்பேட்டை

பதில்: 9.8 மைக்ரோ விநாடிக்கு ஒரு துடிப்பு போனால், குழப்பமில்லாமல் அளக்கக்கூடிய தூரம் சுமார் 1.5 கி.மீ. மட்டுமே. 100 கி.மீ. பார்க்க 667 மைக்ரோ விநாடி இடைவெளி வேண்டும். ஃபைபராலேயே அதைக் கொண்டுவர 136 கி.மீ. சுருள் ஆகும், இழப்பைச் சமாளிக்க முடியாது. 2 கி.மீ. வளையத்தையே வைத்துக்கொண்டு, வேகமான சுவிட்சால் 69 துடிப்புக்கு ஒன்றை மட்டும் வெளியே விடுவது நடக்கிற காரியம். அலைவரிசை ஏறி இறங்கும் சிர்ப் வேண்டுமானால் அதற்கு வேறு முறை இருக்கிறது: ஃபில்டரையே அலைவரிசையில் நகர்த்தி, அது ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தை வளையத் தாமதத்துக்குச் சமமாக்குவது. 2018-இல் இது செய்து காட்டப்பட்டது.